1991-ல் நின்றுபோன டைரி

தென்சென்னையிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வீட்டில் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார். பாதியில் நிற்கும் வேலைகள் நான்கு. முதலாவது, அப்பாவின் டைரிகள். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா 1969 முதல் 2003 வரை ஆண்டுக்கு ஒன்றாக 35 டைரிகள் எழுதி வைத்திருந்தார். 2018-ல் அவர் காலமானார். அந்த டைரிகளை டைப் செய்து, அம்மாவின் 80-வது பிறந்தநாளுக்குப் புத்தகமாக்கித் தர வேண்டும் என்பது வாசகியின் ஆசை. 22 டைரிகள் முடிந்தன. அப்புறம் இரண்டு வருஷமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை. இரண்டாவது, தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தமிழ், முதலாம் ஆண்டு தேறிவிட்டார், இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் போகவே இல்லை. மூன்றாவது, ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்டில் மாட்டியபடியே தூசு படிந்து கிடக்கும் பச்சைப் பட்டு ரவிக்கை. நான்காவது, மொட்டை மாடியில் காய்ந்த மண்ணோடு நிற்கும், செடி வளர்க்கும் 20 குரோ பேக்.

மொபைலில் மூன்று செயலிகள் போட்டுப் பார்த்துவிட்டார். ஜனவரியில் வாங்கிய பிளானர் நோட்டு பொங்கல் வரை நிறைந்திருக்கிறதாம், அதற்குப் பிறகு வெள்ளைத்தாள். கணவர் "நீ ஆரம்ப சூரி" என்று சிரிக்கிறார். அவர் சிரிப்பதுதான் அதிகம் வலிக்கிறது என்கிறார் இவர். கேள்விகள் மூன்று. நான் சோம்பேறியா, அல்லது இணையத்தில் சொல்கிறார்களே, அந்தக் கவனக் குறைபாடா? எந்தச் செயலி அல்லது எந்தத் திட்டமிடும் முறை நல்லது? ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

தோழி, உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன். ஒன்று, "மார்ச் 31 க்ளோசிங்கை ஒரு வருஷம்கூட நான் தள்ளிப்போட்டதில்லை." இன்னொன்று மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பிறகு யோசித்துச் சேர்த்ததைப் போல நீங்கள் எழுதியிருக்கும் வரி. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன். முதலில் மார்ச் 31, ஆபீஸில் ஆண்டுக் கணக்கை மூடும் நாள்.

சோம்பேறியா, குறைபாடா?

22 வருஷம், 22 க்ளோசிங். முடிக்கத் தெரியாதவரால் இது நடக்காது. ஆபீஸில் உங்களைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கெடுவை வேறு யாரோ வைத்துவிட்டார்கள். எது நடந்தால் முடிந்ததாக அர்த்தம் என்பது தெரியும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆக வேண்டும், அதாவது பற்றும் வரவும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வேலைக்காக ஆடிட்டர் காத்திருக்கிறார். வீட்டில் நிற்கும் நான்கு வேலைகளுக்கும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. "டைரி புத்தகம்" என்று பிளானரில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பக்கம், எது உள்ளே, எது வெளியே, எத்தனை பிரதி, யார் படிக்க? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு க்ளோசிங்கை உங்கள் ஜூனியரிடம் கொடுத்தால் அவரும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருப்பார். அவரைச் சோம்பேறி என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக் குறைபாடு பற்றிக் கேட்டதில் தப்பில்லை. அந்தக் குறைபாட்டின் அறிகுறிகள் பெரும்பாலும் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பார்க்கும் முக்கியமான அளவுகோல். பள்ளிக்கூடத்தில் பொருளைத் தொலைப்பது, பாதிக் கணக்கில் எழுந்து போவது, சொன்னதை மறப்பது என்று அப்போதே உங்களைத் திட்டியிருந்தால் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் இது பல நேரம் கவனிக்கப்படாமலே போய்விடுகிறது. இணையத்தில் இருக்கும் பத்துக் கேள்வியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒன்று. இரவு 12.30-க்குப் படுத்து விடிகாலை 4.45-க்கு எழுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது நாலே கால் மணி நேரம். இந்தத் தூக்கத்தில் யாருக்குமே கவனம் நிற்காது. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தையும் ஞாபகத்தையும் ஆட்டிவைக்கும். ஒரு பொது மருத்துவரைப் பார்த்து தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், காரணமில்லாமல் அழுகை வருவதுபோல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது வேறு கதை. திட்டமிடலால் அது சரியாகாது. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

வேலையை விடும் யோசனைக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். 2020 ஊரடங்கில் உங்களுக்கு நேரம் கிடைத்தது. அப்போது என்ன முடிந்தது? உங்கள் கடிதத்தின்படியே, ஆரி ஸ்டாண்டும் குரோ பேக்கும் அப்போதுதான் வீட்டுக்கு வந்தன. நேரம் கிடைத்தபோது புதிதாக இரண்டு தொடங்கினீர்கள், பழையது ஒன்றும் முடியவில்லை. 49 வயதில் வேலையை விட்டால் திரும்ப இதே சம்பளத்தில் சேர்வது கடினம். சம்பளமில்லா நீண்ட விடுப்பும் தனியார் நிறுவனத்தில் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய உரிமை இல்லை, நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான். மகளின் படிப்புச் செலவும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிடலாம்.

அந்த அரை கிலோமீட்டர்

உங்கள் பகுதியிலேயே ஒரு பெரிய உதாரணம் நின்றுகொண்டிருந்தது, நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வரை இன்னும் 5 கிலோமீட்டர் நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. தூண் எழுந்தது, மேலே பாலம் வந்தது, ஸ்டேஷன் கட்டடமும் வந்தது. ஆனால் ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கான நிலப் பிரச்சினை கோர்ட்டுக்குப் போய், வருஷக்கணக்கில் முழுப் பாதையும் சும்மா கிடந்தது. அந்த நாட்களில் யாராவது "இன்னும் நல்ல சிமென்ட் வாங்கினால் ரயில் ஓடும்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். நீங்கள் என்னிடம் கேட்டிருக்கும் செயலி அந்தச் சிமென்ட்தான்.

இப்போது உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்த வரி. "1991 டைரியில் அண்ணனின் இன்ஜினீயரிங் சீட்டுக்காக அம்மாவின் நகையை அடகு வைத்தது வருகிறது. என்னைப் பற்றியும் ஒரு வரி: பாப்பாவுக்கு காமர்ஸ் போதும். அத்தோடு மூடி வைத்தேன். அப்புறம் ஆடிட் சீசன் வந்துவிட்டது."

தோழி, 2022-லும் ஆடிட் சீசன் வந்தது. அப்போது நீங்கள் நிறுத்தவில்லை. 2021 நவம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டுக்குள் 22 டைரி முடித்திருக்கிறீர்கள், மாதம் ஒன்று, வேலை, வீடு, மாமியாரின் மருத்துவமனை எல்லாவற்றுக்கும் நடுவில். இது மிக நல்ல வேகம். அந்த வேகத்தில் வந்தவரை நிறுத்தியது ஆடிட் இல்லை என்று நினைக்கிறேன். அந்த டைரியைத் திறந்தால் நீங்கள் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். இதைப் புத்தகத்தில் போடலாமா? அண்ணன் என்ன சொல்வார்? அம்மா இதைப் படித்தால்? 15 வயதில் சயன்ஸ் குரூப் கேட்ட பெண்ணைப் பற்றி அப்பா எழுதிய அந்த வரியை, இன்று கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் நீங்களே டைப் செய்ய வேண்டுமா?

இதில் எந்தக் கேள்வியும் உங்கள் பிளானரில் இல்லை. பிளானரில் இருப்பது, "ஞாயிறு: டைரி டைப்." அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வீட்டை ஒழித்திருக்கிறீர்கள், இட்லி மாவு அரைத்திருக்கிறீர்கள், பீரோவை அடுக்கியிருக்கிறீர்கள். சோம்பேறி இப்படியெல்லாம் செய்வதில்லை. எடுக்காத முடிவு ஒன்று, வேலை என்ற பெயரில் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆலோசனைக்கு வருபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மாதக்கணக்கில் நகராத ஒரு வரியைத் தோண்டினால் பெரும்பாலும் அடியில் ஒரு ஆள் இருப்பார். கேட்கப்படாத அண்ணன், சொல்லப்படாத மனைவி, திருப்பித் தரப்படாத கடன்.

நான் ஊகிப்பது தப்பாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1991-ஐத் தாண்டி 1994 டைரியை எடுத்து அரை மணி நேரம் டைப் செய்து பாருங்கள். கை ஓடினால், தடை அந்த ஒரு டைரியில்தான். ஓடவில்லை என்றால் களைப்புதான் காரணம். தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

டைரி யாருடையது?

"அப்பாவின் பொருள், அண்ணனுக்குத்தானே முதல் உரிமை, நான் கல்யாணமாகி வந்தவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை. நான் வக்கீல் இல்லை, அடிப்படையை மட்டும் சொல்கிறேன். உயில் எழுதாமல் இறந்த ஒரு இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. கல்யாணம் ஆனதால் மகளின் பங்கு போய்விடாது. எழுத்தின் பதிப்புரிமையும் சொத்துதான், அதுவும் இப்படியே வாரிசுகளுக்கு இறங்கும். ஆகவே அப்பா உயில் எழுதவில்லை என்றால் அந்த 35 டைரிகள் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் பொது. அண்ணன் தனியாகத் தடுக்க முடியாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களால் தனியாக வெளியிடவும் முடியாது என்பதும் இதற்குள் இருக்கிறது.

இன்னொன்று, டைரிகளுக்கு நடுவே செருகியிருக்கும் மற்றவர்களின் கடிதங்கள். காகிதம் உங்களுடையது, அதில் இருக்கும் எழுத்தின் உரிமை எழுதியவருடையது; அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுடையது. 20 பிரதி அடித்து வீட்டுக்குள் கொடுப்பதற்கும், விலை போட்டுப் புத்தகக் காட்சியில் வைப்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு. விற்பதாக இருந்தால் மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளும், ஒரு வக்கீலின் பார்வையும் வேண்டும். வீட்டுப் பிரதியிலும்கூட, அடகுக் கடைக்காரர், பழைய வீட்டுக்காரர், சீட்டுப் பணத்தோடு போனவர் என்று அப்பா கோபத்தில் எழுதிய பெயர்களை முதலெழுத்தாகச் சுருக்கிவிடுங்கள். அவர்கள் பிள்ளைகள் இன்னும் அதே பகுதியில் இருக்கலாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, புத்தகத்தை 1990-லேயே முடித்துவிடுவது. "அப்பாவின் முதல் 22 ஆண்டுகள்" என்று நேர்மையாகத் தலைப்பு வைத்தால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. யாரிடமும் சங்கடமான பேச்சு வேண்டாம், கையில் இருப்பதே போதும். ஆபத்து ஒன்றுதான். 1991 டைரி பீரோவிலேயே இருக்கும், உங்களுக்கு அது அங்கே இருப்பது தெரியும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் போடுவது. இதற்கு அண்ணன் முன்கூட்டியே படிக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் அச்சடித்து, பிறந்தநாள் அன்று சொந்தக்காரர்கள் முன்னால் அவர் பக்கத்தைப் புரட்டி 1991-க்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது உண்மையைச் சொன்னதாக ஆகாது, பழிவாங்கியதாகத்தான் அவருக்குப் படும். அப்போது அவருக்கும் 18 வயதுதான். சீட்டுக் கேட்டது அவர், நகையை வைத்தது அவர் இல்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும் டைப் செய்து, 1991 உட்பட, மூன்றே பிரதி எடுத்து மூன்று பேரிடம் கொடுப்பது. ஊருக்குத் தருவது தனிப் புத்தகம். என் சாய்வு இந்தப் பக்கம்தான். ஆனால் பிறந்தநாளுக்குள் இது முடியாது. ஆகவே பிறந்தநாளுக்கு முதல் வழி, அவசரமில்லாமல் மூன்றாவது வழி.

இந்த மூன்றிலும் ஒருவரை நீங்கள் மறந்துவிட்டீர்கள், நானும் முதல் வாசிப்பில் மறந்தேன். நகை அம்மாவுடையது. 1991-ல் அதைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். நீங்கள் அவரை ரகசியமாகப் பரிசு வாங்கும் ஆளாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். அவர் பாதிப் பக்கங்களுக்குச் சாட்சி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்து தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் படித்துக் காட்டித்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போய், 1969-லிருந்து பத்துப் பக்கம் வாசித்துக் காட்டினால் என்ன? அரிசி விலை, ஓவர்டைம் காசு, வாடகை பாக்கி என்று அப்பா குறித்திருப்பதற்கெல்லாம் அவர் ஒரு கதை சொல்வார். அந்தக் கதைகள் டைரியில் இல்லாதவை, 80 வயதில் இருக்கும் ஒருவரிடம் மட்டும் இருப்பவை. ஆச்சரியப் பரிசு என்ற யோசனையை விட்டுக்கொடுத்தால் இது கிடைக்கும். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயங்கமாட்டேன்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். போன் செய்து, "அண்ணா, அப்பா டைரில 1991 நம்ம ரெண்டு பேரைப் பத்தியும் இருக்கு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை படிச்சிடணும்னு நெனைக்கிறேன். போட்டோ எடுத்து உனக்கு மட்டும் அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். போடலாமா வேண்டாமா என்று அன்றைக்கே கேட்க வேண்டாம். அவர் படித்துவிட்டு ஒரு வாரம் மௌனமாக இருக்கலாம். இருக்கட்டும். "பாப்பாவுக்கு காமர்ஸ் போதும்" என்ற வரியும் அந்தப் போட்டோவில் இருக்கட்டும். அதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அவருக்கும் இன்று 50-க்கு மேல் ஆகிறது.

மூன்று மாதம் என்ற கணக்கு

"உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் மிச்சத்தை முடித்துவிடுவேன்" என்கிறீர்கள். உங்கள் சொந்தப் பதிவேடு வேறு மாதிரிச் சொல்கிறது. மாதம் ஒரு டைரி, மிச்சம் 13, ஆக 13 மாதம். இது உங்கள் ஒருவரின் தவறு இல்லை. கனடாவில் உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். நாம் கணக்குப் போடும்போது வரப்போகும் நல்ல நாட்களைத்தான் கற்பனை செய்கிறோம், போன தடவை என்ன ஆனது என்று பார்ப்பதில்லை. பட்ஜெட் போடும்போது போன வருஷ ஆக்சுவல்ஸை, அதாவது உண்மையில் ஆன செலவைப் பார்க்காமல் போடுவீர்களா?

அம்மாவின் பிறந்தநாள் மாசியில். இப்போது ஆடி. கையில் சுமார் 30 ஞாயிறு இருக்கிறது. டைப் செய்தது 620 பக்கம் என்கிறீர்கள். அம்மா படிக்க 16 பாயிண்ட் எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் 620 பக்கத்தையும் போட்டால் அம்மாவால் புத்தகத்தைத் தூக்கவே முடியாது. 70 பக்கம் போதும். ஒரு ஞாயிறுக்கு 60 பக்கம் படித்து, வைத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் பென்சிலால் கோடு போட்டால் 11 ஞாயிறு. அம்மாவின் கதைகளைச் சேர்க்க 4. பக்கம் அமைத்துப் பிழை பார்க்க 4. திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்து 25 பிரதி வாங்க, பைண்டிங்கோடு, 3. மொத்தம் 22. செப்டம்பரின் நான்கு ஞாயிறையும் இப்போதே அடித்துவிடுங்கள், வரி ஆடிட் காலத்தில் உங்களால் முடியாது, முடியும் என்று பொய்யாக எழுதவும் வேண்டாம். தீபாவளிக்கு ஒன்று. மிச்சம் 3, யாருக்காவது காய்ச்சல் வருவதற்கு.

இப்படிப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 13 டைரியையும் சேர்த்து மாசிக்குள் முடிப்பது ஆரம்பத்திலிருந்தே நடக்காத காரியம். நடக்காத ஒன்றைச் செய்யவில்லை என்று இரண்டு வருஷமாக உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சஸ்பென்ஸ் கணக்கு

மற்ற மூன்றையும் வேகமாகப் பார்த்துவிடுவோம். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத பதிவுகளைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்பீர்கள். பேலன்ஸ் ஷீட் போடுவதற்குள் அதைப் பைசல் செய்தாக வேண்டும். வீட்டிலும் அப்படி ஒரு கணக்கு ஓடுகிறது. அதை யாரும் ஆடிட் செய்யாததால் வருஷக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

எம்.ஏ.-தான் இதில் அவசரம், நீங்கள் அதைக் கடைசியாக வைத்திருக்கிறீர்கள். தொலைநிலைப் படிப்புகளுக்குப் பதிவு செய்த தேதியிலிருந்து இத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் தேறிய முதலாம் ஆண்டும் வீண். திங்கள்கிழமை மதிய உணவு நேரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டு உங்கள் பதிவு எண்ணைச் சொல்லிக் கடைசித் தேர்வு எப்போது என்று மட்டும் கேளுங்கள். பாடத்தை எடுக்க வேண்டாம், அந்தத் தேதி போதும். படிப்பதா விடுவதா என்பதைத் தேதி தெரிந்த பிறகு பேசலாம். 15 வயதில் கிடைக்காத படிப்பின் பாக்கி இதில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரவிக்கையை ஆரி கற்றுக்கொடுத்தவரிடமே கொடுத்து, கூலி கொடுத்து முடித்து வாங்கிக்கொள்ளுங்கள். பாரிமுனையில் மணிக்கும் ஜரிகைக்கும் செலவழித்த பணம் போனதுதான். அதற்காக இன்னும் 40 மணி நேரத்தைக் கொட்டினால் அது திரும்பி வராது. ஸ்டாண்டை யாராவது கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குக் கொடுங்கள். சும்மா சொல்லவில்லை. என் வீட்டுப் பரணில் 2009-லிருந்து பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. சென்னையில் ஸ்வெட்டர் எதற்கு என்று யோசிக்கவே எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த அன்று அந்த நினைப்பும் சேர்ந்து இறங்கிவிட்டது.

குரோ பேக்கில் 18-ஐக் குடியிருப்பில் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் கீரை. கத்திரி வெயிலில் ஒரு வாரம் ஊருக்குப் போனால் 20 பைக்கும் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் பதில் இல்லை. இரண்டுக்கு இருக்கிறது.

செயலி வேண்டாம், ஒரு டம்ளர் போதும்

சரி, முறை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1997-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பகுதியினர் எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்தார்கள். குறிக்காதவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள். குறித்தவர்களில் அதைப்போல இரு மடங்கு. ஆர்வம் எல்லோருக்கும் ஒன்றுதான், குறிப்பு மட்டும் வேறு.

உங்கள் கடிதத்தில் ஞாயிறு காலை 6 மணிக்கு மாமியார் குளித்துவிட்டுப் பூஜைக்கு உட்காருகிறார், மற்றவர்கள் எழுவது எட்டு மணிக்கு என்று இருக்கிறது. ஆகவே பிளானரில் "டைரி" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "ஞாயிறு காலை, காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், சாப்பாட்டு மேஜையில் 1969 பக்கங்களை எடுத்துப் பென்சிலோடு உட்காருவேன். 7.30-க்கு மூடுவேன்." பக்கங்களை சனிக்கிழமை இரவே மேஜையில் வைத்துவிடுங்கள். மூடும் நேரமும் முக்கியம். நாள் முழுவதும் கிடைத்தால்தான் தொட முடியும் என்று நீங்கள் நினைப்பதால்தான், நாள் முழுவதும் கிடைக்காத எல்லா ஞாயிறும் வீணாகிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், நன்றாக ஓடினாலும் சரி. சனிக்கிழமை இரவு 10.30-க்குப் படுக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் 6 மணி வேலை செய்யாது.

வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். கணவரிடம் சொல்வதாக இருந்தால், "ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம் யார் கூப்பிட்டாலும் நீங்கள் பதில் சொல்லுங்கள்" என்று வேலையாகச் சொல்லுங்கள், அறிவிப்பாகச் சொல்ல வேண்டாம். ஆரம்ப சூரி என்ற சொல் உங்களுக்கு வலிக்கிறது என்பதை அவரிடம் இதுவரை சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அதையும் ஒரு நாள் சொல்லிவிடுங்கள், சிரிப்பு இல்லாத நேரம் பார்த்து.

இந்த வாரத்துக்கு மூன்றே காரியம். திங்கள் மதியம் பல்கலைக்கழகத்துக்குப் போன். புதன்கிழமை அண்ணனுக்குப் போன். சனிக்கிழமை சாயங்காலம் 1969 டைரியையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கள். 1991-ஐ அன்றைக்கு எடுத்துப்போக வேண்டாம். நகையைப் பற்றி அம்மாவே ஒரு நாள் பேச்சை எடுப்பார், அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது. எடுக்காவிட்டால், 1990 வரை வாசித்து முடித்த அன்று, "அடுத்தது 91, படிக்கட்டுமாம்மா?" என்று கேளுங்கள்.